டேனியரின் குளிர்கால விருந்து

டென்மார்க் நம் தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கே உடைய சிறிய நாடு. அங்கே மார்கழித் திங்கள் இருள் சூழ்ந்த திங்களாகும். டிசம்பர் மாதப் பிற்பகுதியில், கோபன்ஹேகன் நகரில் காலை எட்டரை மணிக்கு மேல் உதிக்கும் கதிரவன், மாலை நான்கு மணி ஆகுமுன் மறைந்துவிடுகிறான். பகற்பொழுது ஏழு மணி நேரமே. இந்த இருளுக்கு அந்நாட்டார் கண்ட மாற்று மூன்று: மெழுகுவத்தி, சூடான உணவு, நெருங்கி அமர்ந்த சுற்றம். இம்மூன்றும் கூடிய இன்பத்தை அவர்கள் ‘ஹூகெ’ என்னும் ஒரு சொல்லில் அடக்குவர். 2016-ஆம் ஆண்டையொட்டி அச்சொல் உலகெங்கும் பரவியது. அதைப் பற்றிய நூல்கள் பல மொழிகளில் வெளிவந்தன.

இவ்வழக்கம் ஆதிகாலந்தொட்டு மாறாமல் வருவது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் ‘ஹூகெ’ என்னும் சொல்லே நார்வேயிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டியே டேனிய எழுத்தில் இடம் பெற்றது. விருந்து மேசையில் இன்று காணும் பண்டங்கள் பலவும் கடந்த இருநூறு ஆண்டுகளில் வந்து சேர்ந்தவை. அவை வந்த வழியை ஆராய்ந்தால் ஒரு சிறு தேசத்தின் சோதனைகளும் அதன் மனப்போக்கும் நமக்குப் புலனாகும்.

கிறிஸ்துமஸ் திருநாளை டேனியர் ‘யூல்’ என்பர். கிறிஸ்தவ சமயம் அங்கே வேரூன்றுவதற்கு முன்பே நிலவிய நடுக்குளிர்கால விழாவின் பெயர் அது. பழைய நாட்டுப்புறத்தில் அவ்விழா வீட்டுச் சுவர்களுக்குள் அடங்கவில்லை. தொழுவத்து மாடுகளுக்கு அன்றிரவு மிகுதியாகத் தீனி இடுவார்கள். பறவைகளுக்கென ஒரு கதிர்க்கட்டை வெளியே கட்டி வைப்பார்கள். பரணில் வாழ்வதாக நம்பப்பட்ட ‘நிஸ்ஸெ’ என்னும் குட்டித் தெய்வத்துக்கும் வெண்ணெய் இட்ட கஞ்சி ஒரு கிண்ணம் உண்டு. குளிரில் வாடும் எவ்வுயிரும் அன்று பட்டினி கிடத்தல் ஆகாது என்பது அவ்வழக்கங்களில் தோன்றும் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டு டென்மார்க்குக்கு இழப்புகளின் நூற்றாண்டாயிற்று. 1807-இல் ஆங்கிலேயர் கோபன்ஹேகனைக் குண்டு வீசித் தாக்கி, அதன் கப்பற்படையைக் கைப்பற்றிச் சென்றனர். 1813-இல் அரசின் கஜானா திவாலாயிற்று. 1814-இல் நார்வே கைவிட்டுப் போயிற்று. 1864-இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் தொடுத்த போரில் தெற்கிலிருந்த சிற்றரசுப் பகுதிகள் பறிபோயின. நாடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்தை இழந்தது. எல்லைகள் சுருங்கச் சுருங்க, அம்மக்களின் உள்ளம் வீட்டின் கணப்பை நோக்கித் திரும்பியது என்று கருத இடமுண்டு. ஜெர்மானிய வழக்கமான கிறிஸ்துமஸ் மரம் 1808-இல் ஒரு பிரபுவின் மாளிகையிலும், 1811-இல் கோபன்ஹேகன் நகரத்து இல்லம் ஒன்றிலும் முதன்முதலாக ஒளிவிட்டது. டிசம்பர் 24-ஆம் நாள் இரவில் குடும்பத்தார் கைகோத்து அம்மரத்தைச் சுற்றிப் பாடி ஆடுவது இன்றும் அவர்களது மரபு. மரத்தில் தொங்கவிடும், காகிதத்தால் பின்னிய இதயவடிவக் கூடைகளுள் நமக்குத் தெரிந்த மிகப் பழையது, கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-இல் தம் கையால் செய்தது.

உணவின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்தபோது, தானியம் விற்றுப் பிழைத்த டேனியக் குடியானவர் பால்பண்ணைக்கும் பன்றி வளர்ப்புக்கும் மாறினர். 1882-இல் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையும், 1887-இல் ஹார்சென்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிச் சாலையும் தோன்றின. அதே காலத்தில் வார்ப்பிரும்பு அடுப்புகளும் வீடுதோறும் வந்தன. இறைச்சியை அடுப்பினுள் வைத்து வாட்டும் வசதி எளியோர்க்கும் கிட்டிற்று. மொறுமொறுப்பான தோலுடன் வாட்டிய பன்றி இறைச்சியும், சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கும் திருநாள் உணவாக நிலைபெற்றது இவ்வாறுதான்.

விருந்தின் முடிவில் வருவது நமக்கு உறவான பண்டம், அரிசியால் ஆனது. நெல் விளையாத அந்நாட்டில் அரிசி நெடுங்காலம் விலையுயர்ந்த பொருளாக இருந்தது. பாலில் வெந்த சோற்றுடன் கடைந்த பாலேடும் நறுக்கிய வாதுமைப் பருப்பும் கலந்து, செர்ரிப் பழப் பாகு ஊற்றி உண்பர். முழு வாதுமை ஒன்றை அதில் மறைத்து வைப்பதும், அது யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்குப் பரிசு அளிப்பதும் வழக்கம். கிடைத்தவர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஒன்றும் அறியாதவர்போல் அமர்ந்திருப்பார். மற்றவர்கள் வயிறு நிறைந்த பின்னும் தேடித் தேடி உண்பார்கள்!

‘மிளகுக் கொட்டை’ என்று பொருள்படும் பெயருடைய சிறு பிஸ்கோத்துகளிலும், அவற்றுடன் வரும் பழுப்புநிறப் பலகாரங்களிலும் ஏலமும் இலவங்கப்பட்டையும் கிராம்பும் மணக்கின்றன. இத்தகைய கீழ்நாட்டுச் சரக்குகளை நாடியே 1616-இல் டேனியர் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினர். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பினர். 1845-இல் அவ்வூரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுச் சென்றனர்.

அவ்வாண்டின் டிசம்பரிலேதான் ஆண்டர்சன் தம் ‘தீக்குச்சிச் சிறுமி’ கதையை வெளியிட்டார். ஆண்டின் கடைசி இரவில், ஒளி நிறைந்த சன்னல்களுக்கு வெளியே, வெறுங்காலுடன் பனியில் உறைந்து மடியும் ஏழைக் குழந்தையின் கதை அது. செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த அவர், கணப்பின் இனிமையைப் பாடிய சமூகத்தை நோக்கி ஒரு கேள்வியை விடுத்தார். உள்ளே இருப்போர் நெருங்கி அமரும்போது, வெளியே நிற்பவரின் நிலை என்ன? பறவைக்கும் கதிர் வைத்த பழைய யூல், சாத்திய கதவுக்குள் ஒடுங்கிவிடலாமா?

அக்கேள்விக்கு ஒரு விடையை அஞ்சல் நிலைய ஊழியர் ஒருவர் கண்டார். ஐனார் ஹோல்பெல் என்னும் அவர், திருநாட்காலத்தில் மலைபோல் குவியும் வாழ்த்துக் கடிதங்களைப் பார்த்து ஓர் எண்ணம் கொண்டார். கடிதம் ஒவ்வொன்றிலும் சிறு விலையுள்ள முத்திரைத் தாள் ஒன்றை ஒட்டினால், காசநோயால் வாடும் குழந்தைகளுக்கு உதவலாமே! 1904-இல் வெளிவந்த அம்முத்திரை முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்நிதியைக் கொண்டு 1911-இல் கோல்டிங் நகரருகே குழந்தைகளுக்கு ஓர் ஆரோக்கிய நிலையம் எழுந்தது. உலகின் பல நாடுகள் இம்முறையை மேற்கொண்டன. 1950 முதல் நம் நாட்டில் விற்கப்பட்டு வந்த காசநோய் முத்திரையும் இந்த விதையின் கிளையே.

1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை டென்மார்க்கைக் கைப்பற்றியபின், அந்நாட்டுச் சன்னல்கள் கறுப்புத் திரையால் மூடப்பட்டன. ஐந்து குளிர்காலங்களும் திரைக்குப் பின்னேயே விளக்கெரிந்தன. 1945 மே 4-ஆம் நாள் மாலை விடுதலைச் செய்தி வானொலியில் கேட்டதும், மக்கள் திரைகளைக் கிழித்தெறிந்து, சன்னல்களில் மெழுகுவத்திகளை ஏற்றினர். ஆண்டுதோறும் அந்நாள் மாலையில் இன்றும் பல இல்லங்களில் அவ்வாறே ஏற்றுகின்றனர்.

மேசைமீது வைத்த விளக்கு உண்போருக்கு ஒளி தரும். சன்னலில் வைத்த விளக்கோ தெருவில் நடப்போருக்கும் வழிகாட்டும். டேனியரின் குளிர்கால விருந்தில் நாம் போற்றத்தக்கது இவ்விரண்டாம் விளக்கேயாகும்.