வாளிச் சலவையும் பச்சைப் புத்தகமும்

ஜான் ஸ்டைன்பெக் துணி துவைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் குப்பை வாளி. அதைத் தன் வண்டிக்குள் இருந்த அலமாரியில், துணி மாட்டும் கம்பியிலிருந்து ரப்பர் கயிற்றால் தொங்கவிட்டார். உள்ளே அழுக்குச் சட்டை, உள்ளாடை, காலுறை, சுடுதண்ணீர், சலவைத்தூள். பிறகு நாள் முழுக்க வண்டி ஓட்டினார். மேடு பள்ளத்தில் வாளி குதித்துக் குலுங்கியது. பிறகு ஓர் ஓடையில் அலசிப் பார்த்தால் துணி பளிச்சென்று இருந்ததாம். நான் மெக்கானிக்கல் படித்தவன். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது, சாலையின் குலுக்கலே இயக்குவிசை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல டிசைன்.

1960 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் மாநிலத்தின் சேக் ஹார்பரிலிருந்து அவர் கிளம்பினார். வயது 58. தன் நாட்டைப் பற்றி இத்தனை காலம் எழுதிவிட்டு அதைப் பார்த்தே பல வருடங்கள் ஆகிவிட்டன என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. ஒரு ஜிஎம்சி பிக்கப் லாரி, அதன் முதுகில் ஒரு சிறு அறை. அறைக்குள் படுக்கை, நான்கு பர்னர் அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஹீட்டர், ரசாயனக் கழிப்பறை. இன்று ஆர்.வி. என்று அமெரிக்கர்கள் சொல்லும் வீட்டுவண்டியின் எளிய வடிவம் அது. டான் கிஹோட்டேயின் கிழட்டுக் குதிரையின் பெயரை, ரோசினாந்தே, அதற்கு வைத்தார். துணைக்கு சார்லி என்கிற பத்து வயது பூடில் நாய். சுமார் 10,000 மைல் ஓடி முடித்து எழுதிய 'டிராவல்ஸ் வித் சார்லி' 1962இல் வெளிவந்தது. அதே வருடம் நோபல் பரிசும் வந்தது.

இந்தப் புத்தகத்தை ஊர்சுற்றல் புத்தகம் என்று நினைத்து எடுப்பவர்கள் ஏமாறுவார்கள். ஊர்சுற்றிப் பார்ப்பதில் ஸ்டைன்பெக் கொஞ்சம் மோசம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் நுழைகிறார், கரடியைக் கண்டதும் சாதுவான சார்லி பேய் பிடித்ததுபோல் குரைக்கிறது, வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார். யெல்லோஸ்டோன் முடிந்தது! ஆனால் சில்லறை வேலைகளுக்கு அவர் தரும் இடம் பெரியது. நாய்க்கு மூத்திரக்கோளாறு வந்து மருத்துவரைத் தேடி அலைவது, ஒரு மருத்துவரிடம் கடுப்பாகி டெக்சஸில் இன்னொரு நல்லவரைக் கண்டடைவது, வீட்டுக்கு போன் போடுவது, காப்பி போடுவது.

ஒரேகனில் டயர் வெடித்த இடம் எனக்கு மிகப் பிடித்தது. மழை, ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் கடையும் அடைப்பு. காரணம் எளிது. தண்ணீர், எரிவாயு, புத்தகங்கள், கருவிகள் என்று அந்த டயர்கள் தாங்கும் எடைக்கு மேல் வண்டியில் ஏற்றியிருந்தார். ஒரு சின்னப் பெட்ரோல் ஸ்டேஷன்காரர், முன்பின் தெரியாதவர், அங்கே இங்கே போன் அடித்துக் கனரக டயர்களை வரவழைத்து மாட்டிவிடுகிறார். ஸ்டைன்பெக் அந்த மனிதரை மனதார வாழ்த்துகிறார்.

அந்த இடத்தில்தான் என் வாசிப்பு மாட்டிக்கொண்டது. காட்சிகளைப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். மலை எல்லோருக்கும் தெரியும். டயர் மாற்ற, பெட்ரோல் போட, கழிப்பறைக்குப் போக, ஒரு தட்டுச் சோறு வாங்க இன்னொரு மனிதர் சம்மதிக்க வேண்டும். பினாங்கிலிருந்து ஜொகூர் வரை ஓட்டுகிறோம். அடுத்த ஆர் அண்ட் ஆரில் கழிப்பறைக்குள் நம்மை விடுவார்களா என்று கவலைப்பட்டதுண்டா? கியூ நீளமா என்பதோடு நம் கவலை முடிந்துவிடும். 1960இன் அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படி முடியவில்லை.

விக்டர் ஹ்யூகோ கிரீன் நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர், கறுப்பினத்தவர். 1936இல் ஒரு சின்னக் கையேடு போட்டார். கறுப்பினப் பயணிகளை மறுக்காமல் சேவை செய்யும் இடங்களின் பட்டியல். முதல் பதிப்பு நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும், பிறகு நாடு முழுக்க விரிந்தது. 'கிரீன் புக்', பச்சைப் புத்தகம் என்று பெயர் நிலைத்தது. எஸ்ஸோ பெட்ரோல் ஸ்டேஷன்களில் விற்றார்கள். கறுப்பினத்தவருக்கு ஸ்டேஷன் நடத்த உரிமம் கொடுத்த அன்றைய சில நிறுவனங்களில் எஸ்ஸோவும் ஒன்று.

இந்தக் கையேட்டின் பக்கங்களை நியூயார்க் பொது நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. புரட்டிப் பாருங்கள். ஹோட்டல், பெட்ரோல் ஸ்டேஷன், முடிதிருத்தும் கடை, அழகு நிலையம், தையல்காரர், மருந்துக்கடை. ஹோட்டல் இல்லாத ஊர்களில், அறை வாடகைக்குக் கொடுக்கும் சாதாரணக் குடும்பங்களின் முகவரி. சில ஊர்களுக்கு ஒரே ஒரு வரி. பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்ல வந்த புத்தகமில்லை இது. போகும் வழியில் ஒரு மனிதருக்கு என்னென்ன தேவைப்படும் என்பதன் பட்டியல். பயண வழிகாட்டி என்ற வகைக்குள் இதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கையேடு இருந்தும் போதவில்லை. கறுப்பினக் குடும்பங்கள் பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் சப்பாத்துப் பெட்டியில் கட்டிக்கொண்டு கிளம்பின. போர்வை, உபரிப் பெட்ரோல், பிள்ளைகள் சிறுநீர் கழிக்க ஒரு டின். நல்ல கார் வைத்திருந்த சிலர் ஓட்டுநர் தொப்பி ஒன்றையும் கூட வைத்துக்கொண்டார்கள். யாராவது நிறுத்திக் கேட்டால், இது என் வெள்ளைக்கார முதலாளியின் கார் என்று சொல்லித் தப்பலாம். பொழுது சாய்வதற்குள் கறுப்பினத்தவர் வெளியேறிவிட வேண்டிய ஊர்கள் பல இருந்தன. அடுக்களை, படுக்கை, கழிப்பறை மூன்றையும் சுமந்து செல்வதுதான் ஆர்.வி. என்றால், இவர்களும் ஆர்.வி.யில்தான் போனார்கள். ஒரு சாதாரண காரின் பின் இருக்கையில், வேறு வழியில்லாமல்.

ஊர்சுற்றலிலும் இதே கதை. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பினத்தவருக்கென்று லூயிஸ் மவுண்டன் என்ற தனி முகாம் இடமே ஒதுக்கி, பலகையும் வைத்திருந்தார்கள். பூங்கா மத்திய அரசுடையது. பிரிவினையை முழுதாக எடுக்க 1950 ஆனது.

இன்னொரு மூலையையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஹென்றி ஃபோர்ட், தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் 1910களின் பிற்பகுதியில் தங்களை 'நாடோடிகள்' என்று அழைத்துக்கொண்டு காட்டு முகாம்களுக்குப் போனார்கள். கூடவே சமையல் அடுப்பும் ஐஸ் பெட்டியும் பொருத்திய லாரி, சமையல்காரர், ஓட்டுநர்கள், புகைப்படக்காரர்கள். எடுபிடி வேலையை எல்லாம் சம்பளக்காரர்கள் பார்த்துக்கொள்ள, நாடோடித்தனம் மட்டும் முதலாளிகளுக்கு. இவர்களைப் பார்த்த பிறகு தன் சட்டையைத் தானே வாளியில் போட்ட ஸ்டைன்பெக் எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது.

ஆனால் அவர் எல்லா இரவும் ரோசினாந்தேயில் தூங்கவில்லை. 2010இல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய், கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பல இரவுகள் மோட்டல்களில், நல்ல ஹோட்டல்களில், நண்பர் வீடுகளில் கழிந்திருக்கின்றன. மேற்குக் கரையில் மனைவி எலைன் கூடவே இருந்திருக்கிறார், அது புத்தகத்தில் இல்லை. உரையாடல்கள் பலவும் கற்பனை என்பது அவருடைய முடிவு. பின்னர் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையே, இதை அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரித்தது.

இலக்கிய உலகம் இதை ஏமாற்றா புனைவுரிமையா என்று விவாதித்தது. விவாதம் தவறான இடத்தில் நடந்ததாக நினைக்கிறேன். களைப்பானால் சாவியை எடுத்துக்கொண்டு எதிரே தெரியும் மோட்டலுக்குள் நடந்து போக ஸ்டைன்பெக்கால் முடிந்தது, அதுதான் விஷயம். அவருக்கு வீட்டுவண்டி ஒரு விருப்பம். அவர் சாலையில் இருந்த அந்த அக்டோபரில், விக்டர் கிரீன் இறந்துபோனார். இப்படி ஒரு கையேடு தேவைப்படாத நாள் வரும் என்று எழுதியவர். பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964இல் வந்தது. பச்சைப் புத்தகத்தின் கடைசிப் பதிப்பு 1966–67.

அந்த வருடக் கடைசியில் ஸ்டைன்பெக் நியூ ஆர்லியன்ஸ் வந்தார். நவம்பர் 14 முதல் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி, மத்திய அரசின் காவலர்கள் சூழ, வில்லியம் ஃபிரான்ட்ஸ் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் வெள்ளைக்காரப் பெண்கள் கூட்டமாக நின்று தினமும் ஆபாசமாகக் கத்தினார்கள். ஸ்டைன்பெக் அதைப் பார்க்கப் போனார், ரோசினாந்தேயில் அல்ல. நியூயார்க் நம்பர் பிளேட் போட்ட வண்டி அந்தத் தெருவில் வம்பு. வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு டாக்சி பிடித்தார். நிறுத்துமிடத்து ஆள் வண்டிக்குள் சார்லியைப் பார்த்து, உள்ளே இருப்பது ஒரு கறுப்பர் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தான். பயணம் முழுக்க இப்படித் தன் வண்டியை ஒளித்து வைக்க நேர்ந்தது அவருக்கு இங்கேதான்.

அங்கிருந்து கிளம்பிய பிறகு, சாலையோரம் நடந்துகொண்டிருந்த ஒரு வயதான கறுப்பின மனிதரை அவர் ஏற்றிக்கொண்டதாக எழுதுகிறார். இதுவும் புனைவாக இருக்கலாம், ஸ்டைகர்வால்டுக்குப் பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் புனைவென்றாலும் ஸ்டைன்பெக் தனக்கு எதிராகவே எழுதிய பக்கம் அது. பெரியவர் தயங்கித் தயங்கி ஏறுகிறார். எழுத்தாளர் நல்லெண்ணத்தோடு கேள்விகள் கேட்கிறார், பெரியவர் சுருங்கிக்கொண்டே போகிறார். கொஞ்ச தூரத்தில், என் வீடு பக்கம்தான் என்று சொல்லி இறங்கிக்கொள்கிறார். வீடு பக்கத்தில் இல்லை என்பது ஸ்டைன்பெக்குக்குப் புரிகிறது. அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் உள்ள வண்டியிலிருந்து இறங்கி, பெரியவர் மறுபடி சாலையோரமாக நடக்கத் தொடங்குகிறார். அதுதான் அவருக்குப் பாதுகாப்பு.