எஸ்பிஎம் முடிந்தது, அடுத்து எங்கே?

கெடா தோட்டப்புறங்களில், வீட்டிலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போக நினைக்கும் பிள்ளையைத் தடுப்பது பெரும்பாலும் மதிப்பெண் அல்ல. வழி சொல்ல ஆளில்லாததுதான். பால்மரம் சீவிய பெற்றோருக்கு மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம், டிப்ளோமா எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு. 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இனப் பாகுபாடின்றி இடம் உண்டு என 2024இல் அரசாங்கம் அறிவித்தது. மற்றவர்கள் அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. ஆறாம் படிவம் மூன்று தவணைகள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. செலவு குறைவு. "மறுபடியும் பள்ளிக்கூடமா?" என்று ஒதுக்கிவிடுவோர்தான் அதிகம், அது நல்ல வழி.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு யூபியூ வழி விண்ணப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேஷனுக்கு விண்ணப்பம் வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்தால் ஓராண்டு வீணாகலாம். சிந்தோக்கில் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகமும், பீடோங் அருகே செமிலிங்கில் எயிம்ஸ்ட் பல்கலைக்கழகமும் மாநிலத்திற்குள்ளேயே உள்ளன.

தனியார் கல்லூரி என்றால், முன்பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு எம்கியூஏ அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் பிடிபிடிஎன் கடனும் கிடைக்காது. பிடிபிடிஎன் உபகாரச் சம்பளம் அல்ல, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். முதல் வகுப்பில் தேறியவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு கேட்கலாம்.

சந்தேகமென்றால் முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்திலும் விசாரிக்கலாம்.