சாமுராய் வயிற்றில் ஒரு பெட்டி

இந்த எபிசோடில் ஒரு இரும்புப் பெட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். சுசுகி சாமுராய் என்ற குட்டி வண்டியின் நடு வயிற்றில், சேசிஸுக்குக் கீழே தொங்குகிற டிரான்ஸ்ஃபர் கேஸ். நம்ம ஊரில் போலீஸ் ரோந்துக்கும், ராணுவத்துக்கும், காட்டு சஃபாரிக்கும் ஓடிய மாருதி ஜிப்ஸி இருக்கே, அதோட உடன்பிறப்புதான் சாமுராய். அதனால் முகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வயிற்றுக்குள்ள என்ன இருக்குன்னுதான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

விஷயம் என்னன்னா, ஒரு வண்டிக்குப் பெரிய டயர் மாட்டியதும் அதன் கியர் எல்லாம் கெட்டுப்போய்விடும். உடைவதில்லை. கணக்கு கெட்டுப்போகும். கெட்ட கணக்கை எந்த இடத்தில் சரி செய்வது என்பதில் உலகம் முழுக்க சாமுராய் வைத்திருந்தவர்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி விடையை சுசுகியே பழைய மாடல் ஒன்றில் விட்டுவிட்டு வந்திருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

முதலில் வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1960களின் கடைசியில் ஜப்பானில் ஹோப் மோட்டார் என்ற சின்ன கம்பெனி, ஓஎன்360 என்று ஒரு நான்கு சக்கர இழுவை வண்டி செய்தது. மிகக் குறைவாகவே விற்றது. அந்த வடிவமைப்பின் உரிமையை 1968-ல் சுசுகி வாங்கியது. வாங்கியே ஆக வேண்டும் என்று நின்றவர் ஒசாமு சுசுகி. ஆமாம், பின்னாளில் மாருதியோடு ஒப்பந்தம் போட்ட அதே ஒசாமு சுசுகிதான். 1970 ஏப்ரலில் எல்ஜே10 என்ற பெயரில், ஜிம்னியாக அது வெளிவந்தது.

ஜப்பானில் கெய் கார் என்று ஒரு வகை உண்டு. வரி குறைவு, ஆனால் அளவுக்குக் கறாரான வரம்பு. அன்றைக்கு நீளம் 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, இஞ்சின் 360 சிசிக்கு மேல் போகக்கூடாது. எல்ஜே10-ல் இருந்தது 359 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், காற்றால் குளிர்கிற இஞ்சின். 25 குதிரைத்திறன். நீளம் பத்தாததால் ஸ்டெப்னியைப் பின்பக்கம் தொங்கவிட முடியவில்லை. உள்ளேயே வைத்தார்கள். அதனால் வண்டியில் மூன்று பேருக்குத்தான் இடம்.

இப்ப யோசிங்க. ஒரு சின்ன பைக் இஞ்சின் அளவுதான். அதை வைத்து 16 அங்குல சக்கரத்தில், நான்கு சக்கரத்தையும் இழுத்துக்கொண்டு மலையேற வேண்டும். அப்போது கைகொடுப்பது கியர் ஒன்றுதான். கியர் சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது என்ன செய்வீங்க? லேசான கியருக்கு மாற்றுவீங்க. கால் நிறைய சுத்தும், சக்கரம் மெதுவா சுத்தும், ஆனா ஏறிடும். இந்தக் குடும்பத்து வண்டிகள் எல்லாமே அப்படி வளர்ந்தவைதான். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கும்.

இங்கே ஒரு சின்ன குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மெக்கானிக்கிடம் போய் 'லோ கியர்' என்று சொன்னால், அவர் மனசில் வருவது பெரிய எண். 4.11 என்றால் உள்ளே வரும் ஷாஃப்ட் 4.11 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 3.73 என்றால் 3.73 சுற்றுக்கு ஒன்று. எண் கூடக் கூட கியர் 'கம்மி'. இந்த எபிசோடு முழுக்க இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

சாமுராயில் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மூன்று இடத்தில் வேகம் குறைகிறது. முதலில் கியர் பாக்ஸ். அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ். கடைசியில் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன். இந்த மூன்றையும் பெருக்கினால் மொத்தக் கணக்கு வரும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் சுவாரஸ்யம். பெரும்பாலான ஜீப்களில் இது கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டியே இருக்கும். சாதாரண ரோட்டுக்கான 'ஹை'யில் அது ஒன்றுமே செய்யாது. ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே. சாமுராயில் அப்படி இல்லை. கியர் பாக்ஸிலிருந்து தனியாக விலகி, சேசிஸின் நடுவே ரப்பர் மவுன்ட்களில் தொங்குகிறது. முன்னாலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் உள்ளே வருகிறது, முன் ஆக்ஸிலுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று வெளியே போகின்றன. இதன் 'ஹை'யிலேயே ஒரு குறைப்பு இருக்கிறது: 1.409. 'லோ'வில் 2.268. சின்ன இஞ்சின் காலத்துப் புத்தி பெட்டிக்குள் அப்படியே தங்கிவிட்டது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில் வந்த எஸ்ஜே410-க்கு 970 சிசி இஞ்சின். 1985 டிசம்பரில் இந்தியாவுக்கு ஜிப்ஸியாக வந்ததும் இந்த 970 சிசி இஞ்சினோடுதான். எஸ்ஜே410-ன் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை 1.580, லோ 2.511. ஆக்ஸிலில் 4.11.

1984-ல் இஞ்சின் 1.3 லிட்டர் ஆனது. எஸ்ஜே413. அதைத்தான் 1985 கடைசியில் 'சாமுராய்' என்று பெயர் வைத்து அமெரிக்காவில் இறக்கினார்கள். இப்போது 1324 சிசி, 63 குதிரைத்திறன், ஐந்து கியர். அமெரிக்க நெடுஞ்சாலையில் கத்தாமல் ஓட வேண்டுமே! அதனால் ஹை 1.580-லிருந்து 1.409 ஆனது. லோ 2.511-லிருந்து 2.268. ஆக்ஸில் 4.11-லிருந்து 3.73. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கை வைத்துவிட்டார்கள். பெருக்கிப் பாருங்க. கியர் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு லோவில் மட்டும் பார்த்தால், 410-ல் 10.3, சாமுராயில் 8.45. அதாவது பழைய வண்டியில் குறைப்பு 22 சதவீதம் அதிகம். பெரிய இஞ்சின் கொண்டுவந்த இழுவையில் பெரும்பகுதியை நெடுஞ்சாலை சாப்பிட்டுவிட்டது.

சுசுகியைக் குறை சொல்ல மாட்டேன். கடற்கரைக்கும் கல்லூரிக்கும் ஓட்டுகிற இளைஞர்களுக்கு விற்ற வண்டி அது. முதல் வருஷத்திலேயே ஏறத்தாழ 47,000 போனது. அவர்களுக்கு இந்த மாற்றம் சரிதான்.

பிறகு 1988. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, திடீரென்று ஒடித்தால் இந்த வண்டி கவிழும் என்று சொல்லி, 'ஏற்க முடியாதது' என்ற மதிப்பீட்டைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு விற்பனை சரிந்தது. சுசுகி 1996-ல் வழக்குப் போட்டு, 2004-ல் சமரசமானது தனிக் கதை. மலைக்காரர்களுக்கு இதில் ஒரு லாபம் இருந்தது: நல்ல சேசிஸ், முன்னும் பின்னும் திடமான ஆக்ஸில், ஒரு டன்னுக்கும் குறைவான எடை, இத்தனையும் கொண்ட ஒரு வண்டியைப் பழைய விலைக்கு வாங்கலாம்.

வாங்கியவுடன் என்ன பண்ணுவாங்க? பெரிய டயர் போடுவாங்க. வேற வழியில்ல. ஆக்ஸிலின் நடுவே இருக்கும் குண்டுதான் முதலில் பாறையில் இடிக்கும். பாடியை எவ்வளவு உயர்த்தினாலும் அது உயராது. டயர் ஒன்றுதான் அதை உயர்த்தும்.

சாமுராய் கம்பெனியிலிருந்து வந்த டயர் 205/70 ஆர் 15. விட்டம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் போட்டால் விட்டம் 18 சதவீதம் கூடும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 18 சதவீதம் அதிக தூரம் போகும். உங்கள் எல்லா கியரும் 18 சதவீதம் 'உயர்ந்து'விட்டது என்று அர்த்தம். இதில் ஒரு பைசா செலவில்லாமல் உங்கள் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும்.

ரோட்டில் என்ன ஆகும்? பழைய டயரில், ஐந்தாவது கியரில், மணிக்கு 100 கிலோமீட்டரில் இஞ்சின் சுமார் 3,300 சுற்று சுற்றும். அந்த இஞ்சினின் இழுவை உச்சம் 3,500 பக்கம். ஏறக்குறைய அங்கேயே இருக்கிறது. 31 அங்குலத்தில் அதே வேகத்தில் 2,800. காற்றையும் கனமான டயரையும் 63 குதிரைகள் அந்தச் சுற்றில் தள்ள முடியாது. ஐந்தாவது கியர் ஷோவுக்குத்தான்.

மலையில் இன்னும் மோசம். முதல் கியர் 3.652, லோ 2.268, ஆக்ஸில் 3.73. பெருக்கினால் 31-க்குக் கொஞ்சம் குறைவு. இஞ்சின் 800 சுற்றில் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய டயரில் மணிக்கு 3.3 கிலோமீட்டர் வேகம். 31 அங்குலத்தில் 3.8. அவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். கல் படிக்கட்டு மாதிரி இருக்கிற இறக்கத்தில் நினைத்துப் பாருங்க. வண்டியை இஞ்சின்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பிடிக்காவிட்டால் பிரேக்கை மிதிப்பீர்கள். மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. உயரமான டயர் போட்டு ஈர்ப்பு மையத்தையும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள், மறக்க வேண்டாம். ஏற்றத்திலோ வேறு தண்டனை: மெதுவாகப் போக முடியாததால் கிளட்சைப் பாதி மிதித்தே ஓட்டுவீர்கள். மலை உச்சியில் கருகல் வாசனை வரும்.

சரி, கணக்கை எங்கே திருத்துவது? ஜீப்காரர்கள் வழக்கமாகச் செய்வது ஆக்ஸிலில் கிரவுன் பினியன் மாற்றுவது. இதில் சங்கடம் உண்டு. முன்னும் பின்னும் இரண்டையும் ஒரே எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போட்டு ஏதாவது ஒன்றை முறித்துவிடும். பல்லுக்குப் பல் பொருத்தி, இடைவெளியை நூலளவு அளந்து அமைக்கும் வேலை வேறு. எண் கூடக் கூட பினியன் சிறுத்துக்கொண்டே போகும், சிறுத்த பினியன் பலவீனமான பினியன். இத்தனைக்குப் பிறகும் ரோட்டிலும் மலையிலும் ஒரே விகிதத்தில்தான் மாற்றம் கிடைக்கும்.

சாமுராய்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பெட்டி தனியாகத்தானே தொங்குகிறது? ஹையிலும் ஒரு ஜோடிப் பல்சக்கரம் இருக்கிறதே? அதை மாற்றினால்? பழைய எஸ்ஜே410-ன் பெட்டியை எடுத்து சாமுராயில் தொங்கவிட்டால் ஹையில் 12 சதவீதம், லோவில் 11 சதவீதம் உடனே கிடைக்கும். 18 சதவீதம் போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆக்ஸிலைத் திறக்கவே இல்லை. 1984-ல் சுசுகி எடுத்துக்கொண்டதை அதன் பழைய உதிரிபாகத்தை வைத்தே திருப்பி வாங்கினார்கள்.

ஜீப்பில் இந்த வித்தை நடக்காது. அங்கே ஹை என்பது வெறும் நேர்வழி. மாற்ற அதில் ஒன்றும் இல்லை.

பிறகு பேராசை வந்தது. நல்ல பேராசை. அமெரிக்காவில் சிறு பட்டறைகள் இந்தப் பெட்டிக்கென்றே புதிய பல்சக்கரங்களை அறுக்கத் தொடங்கின. ஹையை அதிகம் மாற்றாமல் வைத்துக்கொண்டு லோவை மட்டும் ஒரேயடியாக இறக்கினார்கள்: 4.16. அப்புறம் 4.9. அப்புறம் 6.5 வரை. 4.16 போட்டால் மொத்தக் குறைப்பு 56-ஐத் தாண்டும். 31 அங்குல டயரோடு, இஞ்சின் சும்மா ஓடும்போது மணிக்கு 2.1 கிலோமீட்டர். 6.5-ல் 1.3. நடக்கப் பழகுகிற குழந்தை முந்திக்கொண்டு போய்விடும். ரோட்டில் ஒன்று, மலையில் இன்னொன்று என்று இரண்டு கணக்கையும் தனித்தனியாகத் தீர்த்துவைத்தது இந்தப் பெட்டிதான்.

இலவசமாக எதுவும் வரவில்லை. 63 குதிரைத்திறன் இஞ்சினை நினைத்து செய்த வண்டி அது. முறுக்கத்தைத் திடீரென்று இரண்டு மடங்காக்கினால் முதலில் அந்தப் பெட்டியே தன் ரப்பர் மவுன்ட்களைப் பிய்த்துக்கொண்டு திரும்பப் பார்க்கும். இரும்பு மவுன்ட் போட்டு அதை அடக்கினால், அடுத்த பலவீனமான இடம் முன் ஆக்ஸிலின் முனையில், சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கிற குண்டு மூட்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நிலையில், சக்கரம் பாறைக்கு நடுவே சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் டப்பென்று ஒரு சத்தம். அதனால்தான் விவரமானவர்கள் டயர் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த அளவுக்குப் போதுமான கியரோடு நிறுத்திக்கொள்வார்கள். 31 அங்குலத்துக்கு 6.5 எதற்கு என்பது என் சொந்த அபிப்பிராயம். 4.16 தாராளம்.

பட்டறையில் நடந்ததைக் கொஞ்ச காலத்தில் பெரிய கம்பெனிகளும் பார்த்தன. மற்ற ரேங்ளர்களில் லோ 2.72-ஆக இருந்தபோது, 2003 மாடலாக வந்த ஜீப் ரேங்ளர் ரூபிகானில் 4.0 விகித டிரான்ஸ்ஃபர் கேஸ் கம்பெனியிலிருந்தே வந்தது. கூடவே 4.11 ஆக்ஸில்.

2007 மார்ச்சில் சிலி, அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் ஒரு ஜீப் குழு 6,646 மீட்டர் வரை ஏறி உலக சாதனை செய்தது. ஒரு மாதம்கூட நிற்கவில்லை என்று சொல்ல முடியாது, ஒரு மாதம் நின்றது. ஏப்ரல் 21-ல் கொன்சாலோ பிராவோ, எதுவார்தோ கனாலெஸ் என்ற இரண்டு சிலிக்காரர்கள் மாற்றியமைத்த ஒரு சாமுராயில் 6,688 மீட்டரைத் தொட்டார்கள். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது.

2018-ல் வந்த நான்காம் தலைமுறை ஜிம்னியில் ஹை 1.000. லோ 2.002. ஆனால் ஐந்து கியர் பாக்ஸின் முதல் கியர் 4.425, ஆக்ஸில் 4.090. பெருக்கினால் 36. பெட்டியில் விட்டதை மற்ற இரண்டு இடத்தில் பிடித்திருக்கிறார்கள். 2023-ல் இந்தியாவுக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் பெரிய டயர் போட நினைக்கிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே ஆர்டிஓ விதிகளையும் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போங்க. டயர்க்கடைக்காரர் கியரைப் பற்றிப் பேச மாட்டார்.