மோசேயின் நியமமும் பிரகாசபுரத்துச் சபையும்

நம் இதழை வாசிக்கும் குடும்பத்தாருள் வேதாகமத்தை வீட்டில் வைத்து ஓதுவோரும் உளர். பத்திரகாளியம்மனுக்குப் பொங்கலிடுவோரும் உளர். இரு திறத்தாரும் அறிந்துகொள்ளத்தக்க சரித்திரம் ஒன்றை ஈண்டுக் கூறக் கருதுகின்றோம். வேதநூலைத் தம் கண்கொண்டே வாசித்து, ஓய்வு, தூய்மை, வழிபாடு, விழா ஆகிய அன்றாட ஒழுக்கம் முழுவதையும் அதன்படி அமைக்க முயன்ற நம்மவர் ஒருவரின் வரலாறு அது.

அவர் பெயர் அருமைநாயகம். சாயர்புரத்து வேதசாஸ்திரக் கலாசாலையில் போப்பையரிடம் பயின்றவர். ஆங்கே மாணாக்கரை மேற்பார்க்கும் சட்டாம்பிள்ளையாக இருந்தமையின், அப்பட்டமே அவர்க்குப் பெயராக நிலைத்தது. பின்னர், ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கேயுள்ள நாசரேத்துப் பக்கத்தில் மிஷன் ஊழியம் பார்க்கையில், ஆங்கிருந்த காமெரர் துரையோடு பிணக்கு நேர்ந்து, 1850ஆம் ஆண்டை ஒட்டி உத்தியோகத்தினின்றும் நீங்கினார்.

இஃது ஒருபுறமிருக்க, இடையன்குடியிலிருந்த கால்டுவெல் ஐயர் 1849இல் நம் குலத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நம் முன்னோர் ஈழத்தினின்றும் வந்து குடியேறியோர் என்றும், அறிவிற் குறைந்தோர் என்றும் அதிற் கூறினார். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் வகுத்த பேரறிஞர் இங்ஙனம் எழுதியது நமக்கு இன்றும் வியப்பே. சட்டாம்பிள்ளை அந்நூலை எதிர்த்து நெடுங்காலம் வாதாடினார்.

எனினும், அவர் செய்தவற்றுள் பெரியது அவ்வாதமன்று என்பது நம் கருத்து. துரைமார் வழக்கம் வேறு, வேதத்தின் கட்டளை வேறு என்று அவர் பிரித்துக் கண்டதே பெரிது. ஏழாம் நாளே ஓய்வுநாள் என்று மோசேயின் ஆகமம் விதிக்கின்றது. ஏழாம் நாளோ சனிக்கிழமை. அங்ஙனமாயின் ஞாயிற்றுக்கிழமை கூடுவது எற்றுக்கு? ஆலயத்தில் நாற்காலியும் பலகையும் வேண்டுமென்று எவ்வதிகாரம் கூறுகின்றது? 1857இல் அவரும் அவரைச் சார்ந்தோரும் பிரகாசபுரத்தில் தனிச்சபை கண்டனர். இந்துக் கிறிஸ்தவ சபை என்றும், ஏக இரட்சகர் சபை என்றும் அது வழங்கலாயிற்று. அந்நியர் பணத்தை அது நாடவில்லை. அச்சபையார் சனிக்கிழமை ஓய்ந்திருந்தனர், தரையில் அமர்ந்தும் வீழ்ந்து வணங்கியும் தொழுதனர், தூபமிட்டனர், கைகொட்டிப் பாடினர், லேவியராகமத்தில் விதித்த பண்டிகைகளையும் சுத்திகரிப்பு முறைகளையும் கைக்கொண்டனர். இராப்போசனத்திற்குப் புளித்த மதுவை விலக்கித் திராட்சப்பழச் சாற்றையே வைத்தனர். கள்ளிறக்குவோர் என்னும் இழிசொல்லைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட ஒரு குலத்தார் இவ்விதியை விரும்பி ஏற்றதன் காரணத்தை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பனையேறிப் பிழைப்போர்க்கு ஓய்வுநாள் எளிதன்று. நெற்பயிர் ஒரு நாள் காத்திருக்கும், பனையோ காத்திராது. பருவகாலத்தில் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவாவிடின் சுரப்புக் குன்றும். இறக்கிய பதநீரை அன்றே காய்ச்சிக் கருப்புக்கட்டி ஆக்காவிடின் கெடும். அடுப்படியில் வேகின்றவர்கள் பெண்களே. சனிக்கிழமையாயினும் ஞாயிறாயினும், ஒரு நாள் தொழிலை நிறுத்துவது அந்நாட் கூலியை மட்டுமன்றி மறுநாட் சுரப்பையும் விடுவதாகும். நிழலில் அமர்ந்து கட்டளையை விளக்குவோர் இதனை நினைத்தல் நன்று.

இனி, நமக்கு உடன்பாடில்லாத இடத்தையும் கூறுதல் கடன். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில், எருசலேமிற் கூடிய பெரியோர், புறஜாதியாரினின்றும் வந்த விசுவாசிகள்மேல் மோசேயின் பிரமாணம் முழுவதையும் சுமத்தலாகாது என்று தீர்மானித்துச் சில விலக்குகளை மட்டுமே விதித்தனர். சட்டாம்பிள்ளை எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர் என்பர். அவ்வதிகாரத்தை அறியாதவராக இரார். அறிந்தும் பழைய ஆகமத்தையே பற்றினார். அதிலுள்ள தூய்மை விதிகள் நம் நாட்டு ஆசாரத்தோடு ஒத்திருந்தமையே காரணமென நாம் எண்ணுகின்றோம். ஒத்தவற்றுள் ஒன்று, மாதவிலக்கான பெண்டிரை ஒதுக்கி வைத்தல். துரைமாரின் நாற்காலிக்கு வேதத்தில் ஆதாரம் கேட்டவர், வீட்டுப் புறத்தே ஒதுங்கியிருந்த பெண்ணுக்காகவும் அந்த 15ஆம் அதிகாரத்தைத் திறந்திருக்கலாம். அச்சபையின் வரலாற்றை எழுதினோர் அவர்தம் வாதங்களையும் விழாக்களையும் விரித்தெழுதியிருக்கின்றனர்; அப்பெண்கள் அந்நாட்களில் யாது கூறினர் என்பதை எவரும் கேட்டெழுதியதாக நாம் காணவில்லை. பிரகாசபுரத்திலும் முக்குப்பேரியிலும் முதிய தாய்மார் உள்ள குடும்பத்தார், பாட்டிமார் சொல்லக் கேட்டவற்றை நம் இதழுக்கு எழுதியனுப்பின் மகிழ்வோம்.