இருமுறை கடல் கடந்த மாணவர்

வெளிநாட்டுக் கல்வி என்று கேட்ட மாத்திரத்தில் நம் இளைஞர் உள்ளத்தில் தோன்றுவன விமானமும், பனி பெய்யும் நகரமும், பெயருக்குப் பின்னால் சேரும் பட்ட எழுத்துகளுமே ஆகும். அண்ணல் அம்பேத்கர் அவர்களின் திருவுருவப் படத்தைத் திறந்து வைக்கும் மேடைகளிலும் நாம் அவருடைய பட்டங்களையே வரிசையாகச் சொல்லிக் கைதட்டி மகிழ்கின்றோம். அப்பட்டங்களுக்காக அவர் எவ்வாறு ஆயத்தம் செய்தார், இடையில் எங்கே தடுக்கப்பட்டார், தடுக்கப்பட்ட பின் என்ன செய்தார் என்று கேட்போர் சிலரே. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத் தாளைக் கையில் ஏந்தி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த வரலாறே பெரிதும் பயன்படும் என்று கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

முதற் கதவு திறந்த விதம்

இராணுவத்தில் சுபேதாராக இருந்த ராம்ஜி சக்பாலின் மகனாக 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் நகரில் பிறந்தவர் பீமராவ். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், சர்னி ரோடு பூங்காவில் அமர்ந்து நூல் படிப்பது அவருடைய மாலை வழக்கம். அதே பூங்காவிற்கு வந்து கொண்டிருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், நாள்தோறும் படித்துக் கொண்டிருக்கும் அச்சிறுவனைக் கண்டு பேசினார். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசாக அளித்தவரும் அவரே. பின்னர்க் கல்லூரிப் படிப்புக்குப் பொருள் இன்றித் தவித்தபோது பரோடா மன்னர் சாயாஜி ராவ் கெய்க்வாட் அவர்களிடம் பரிந்துரைத்து, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் அவரே ஆவார்.

பீமராவ் 1912இல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். 1913 சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் இறந்தார். அந்தத் துயரம் ஆறுவதற்குள், அமெரிக்காவிற்கு மாணவர் சிலரை அனுப்ப மன்னர் எண்ணியுள்ளார் என்னும் செய்தி வந்தது. மூன்றாண்டுக் காலத்திற்கு மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகை; படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும். இவ்வுடன்படிக்கையில் 1913 சூன் 4ஆம் நாள் அவர் கையொப்பமிட்டார்.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கதவு திறந்தது மன்னரின் கொடையால் என்பது மெய்யே. ஆயினும் அக்கதவின் முன்னே அவரைக் கொண்டு போய் நிறுத்தியது, பூங்காவில் படித்த பழக்கமும், அதனைக் கண்ணுற்ற ஓர் ஆசிரியரின் அக்கறையுமே அன்றோ?

நியூயார்க்கில் மூன்றாண்டுகள்

1913 சூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்த அவருக்கு வயது 22. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விடுதியில் உடன் தங்கிய நவல் பத்தேனா என்னும் பார்சி மாணவர் அவருடைய வாழ்நாள் நண்பரானார்.

அவர் எடுத்துக் கொண்ட பாடங்களின் கணக்கைப் பாருங்கள்: பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொடக்கப் பாடம் ஒவ்வொன்று. பட்டம் பெறுவது மட்டும் நோக்கமாயின் இத்துணைப் பாடங்கள் வேண்டியதில்லை. மீண்டும் இவ்வாய்ப்பு வாய்க்குமோ வாய்க்காதோ என்று அறிந்த மாணவரின் பசி அது. செலிக்மன், ஜான் டூயி போன்ற பேராசிரியர்களிடம் பயின்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் கோல்டன்வைசர் என்னும் மானிடவியல் அறிஞரின் ஆய்வரங்கில், இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கிய முறையைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். தன்னை ஒடுக்கிய அமைப்பைப் பற்றிக் கண்ணீர் விடுவதோடு நில்லாமல், அதனை ஆய்வுப் பொருளாக்கி அறிஞர் அவையில் வைத்தார் என்பதை இளைஞர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

கைப்பணத்தில் மிச்சம் பிடித்து வீட்டிற்கு அனுப்பினார். எஞ்சியதில் பழைய புத்தகக் கடைகளில் நூல்கள் வாங்கிச் சேர்த்தார்.

பாதியில் நின்ற படிப்பு

1916இல் அவர் இலண்டன் சென்றார். இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஆய்வுப் படிப்பும், கிரேஸ் இன்னில் சட்டப் படிப்பும் ஒருங்கே தொடங்கின. ஆனால் 1917இல் உதவித்தொகைக் காலம் முடிவுற்றது. பரோடாவிலிருந்து திரும்பி வருமாறு அழைப்பு வந்தது. எடுத்த படிப்பு எதுவும் முற்றுப் பெறவில்லை.

இந்நிலையில் மற்றொருவராயின் மனம் உடைந்து மூட்டை கட்டியிருப்பார். அவர் மூட்டை கட்டுவதற்கு முன்னர் ஒரு காரியம் செய்தார். 1917 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர்வதற்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற்றுக் கொண்டார். கையில் பணம் இல்லை. திரும்பி வர வழியும் தெரியவில்லை. எனினும் கதவைத் தாமே சாத்திவிட்டுப் போக அவர் உடன்படவில்லை. இரண்டாம் பயணத்தின் ஆயத்தம், முதற்பயணம் தடைப்பட்ட அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

அது முதல் உலகப் போர்க் காலம். அவர் ஒரு கப்பலில் வந்தார். தனியே அனுப்பிய நூல்களும் உடைமைகளும் வேறு கப்பலில் வந்தன. அக்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. நூல்கள் கடலுக்குள் போயின. இழப்பீடாகக் கிடைத்த 600 ரூபாயே பரோடா செல்வதற்கு வழிச்செலவாயிற்று.

பரோடாவில் நேர்ந்ததை அவரே பின்னாளில் எழுதி வைத்துள்ளார். தங்குவதற்கு எந்த இந்து விடுதியும் இடம் தராது. பார்சி விடுதி ஒன்றில் வேற்றுப் பெயருடன் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய பார்சிகள் கூட்டமாக வந்து அவரை வெளியேறச் சொன்னார்கள். பொதுப் பூங்காவில் பொழுதைக் கழித்து, இரவு இரயிலில் பம்பாய் திரும்பினார் கொலம்பியாவின் எம்.ஏ. பட்டதாரி. பத்தாண்டுப் பணி உடன்படிக்கையை நிறைவேற்ற அவர் வந்தார். உறங்க ஓரிடம் தர அவ்வூர் மறுத்துவிட்டது.

மேலைநாட்டுப் பட்டம் சாதியை அழித்துவிடும் என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியைப் பன்முறை படித்தல் நலம். பட்டம் ஒரு கருவி. அது கவசம் அன்று.

இரண்டாம் பயணத்திற்கான ஆயத்தம்

பம்பாயில் மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்தார். வணிகர்க்குப் பங்கு முதலீட்டு ஆலோசனை கூறும் தொழில் தொடங்கினார். அவர் இன்ன சாதியார் என்று தெரிந்தவுடன் வாடிக்கையாளர் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக, மாதம் 450 ரூபாய் ஊதியத்தில் தற்காலிகப் பணி கிடைத்தது. அங்கும் ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்று சிலர் தடுத்தனர்.

450 ரூபாய் அந்நாளில் பெருந்தொகை. அவர் நினைத்திருந்தால் நல்ல வீடு எடுத்து வசதியாக வாழ்ந்திருக்கலாம். பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பில் எளிய வாழ்க்கை நடத்தி, செலவைச் சுருக்கிப் பணம் சேர்த்தார். அதே காலத்தில் 1919இல் சவுத்பரோ குழுவின் முன் தாழ்த்தப்பட்ட மக்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தார். 1920 சனவரி 31ஆம் நாள் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அவர்களின் பொருளுதவியுடன் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். படிப்புக்காகச் சமுதாயத்தையோ, சமுதாயத்திற்காகப் படிப்பையோ அவர் கைவிட்டாரில்லை.

1920 மார்ச்சில் கல்லூரிப் பணியிலிருந்து விலகினார். சொந்தச் சேமிப்பு, சாகு மகராஜ் அவர்களின் உதவி, நண்பர் நவல் பத்தேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடன் ஆகிய மூன்றையும் கொண்டு 1920 சூலையில் மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். நான்காண்டுக் கெடு இன்னும் முடியவில்லை. முதன்முறை ஒரு மன்னரின் மாணவராகச் சென்றவர், இம்முறை தம் உழைப்பின் மாணவராகச் சென்றார்.

இலண்டனில் காலை நூலகக் கதவு திறக்கும் வேளையில் உள்ளே நுழைந்து, மாலை மூடும் வரையில் படித்தார். அரைவயிற்று உணவோடு இரவிலும் படிப்புத் தொடர்ந்தது. 1921இல் எம்.எஸ்சி. பட்டம் பெற்றார். 1922இல் பாரிஸ்டராகும் தகுதியை அடைந்தார். அவ்வாண்டே ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்திற்காக அளித்தார். 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் அதனைத் திருத்தி எழுதுமாறு பணித்தனர். இலண்டனில் தங்கியிருக்கப் பணம் இல்லை. ஏப்ரலில் பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி எழுதி அனுப்பினார். அவ்வாண்டு இறுதியில் பட்டமும் கிடைத்தது; நூலும் இலண்டனில் அச்சாகி வெளிவந்தது. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டமோ, ஆய்வேடு 1925இல் நூலாக அச்சான பின்னர் 1927இல்தான் வழங்கப்பட்டது. 1913இல் தொடங்கிய மாணவ வாழ்க்கையின் கடைசிப் பட்டம் கைக்கு வந்து சேர 14 ஆண்டுகள் ஆயின!

வீட்டிலிருந்தோர் கொடுத்த விலை

இவ்வரலாற்றை எழுதும்போது அன்னை இரமாபாய் அவர்களை மறந்தால் அது நன்றி கொன்ற செயலாகும். கணவர் கடல் கடந்த நாடுகளில் பயின்ற ஆண்டுகளில் பம்பாயின் வறுமையில் குடும்பத்தைத் தாங்கியவர் அவரே. அத்தம்பதியர்க்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வர் இளமையிலேயே இறந்தனர்; யஷ்வந்த் ஒருவரே எஞ்சினார். 1935இல் அன்னையாரும் மறைந்தார். ஒருவர் படிக்கச் செல்லும்போது ஒரு குடும்பமே அதற்கு விலை கொடுக்கிறது. விண்ணப்பம் எழுதும் தம்பியும் தங்கையும் இதனை அறிந்து எழுத வேண்டும்.

நமக்குரிய பாடம்

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. பட்டியல் சாதி மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகையை இந்திய அரசு 1944இல் தொடங்கியது. அண்ணல் அவர்கள் அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவின் உறுப்பினர். வெளிநாட்டில் பயில்வதற்கான தேசிய உதவித்தொகைத் திட்டம் 1954-55இல் தோன்றியது. கெய்க்வாட் மன்னரின் கருணையாக இருந்தது இன்று குடிமக்களின் உரிமையாக எழுதப்பட்டுள்ளது. அவ்வுரிமையைப் பெறுவதற்குரிய வயது, மதிப்பெண், வருமான வரம்பு ஆகிய விதிகளைப் பிறர் வாய்ச்சொல்லாகக் கேளாமல், அவ்வவ்வாண்டின் அரசு அறிவிப்பை நேரே படித்து அறிதல் வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகியவற்றை இடங்கிடைத்த பின்னர்த் தேடுவது காலந்தாழ்ந்த செயல். செலிக்மன் தம் மாணவருக்காக இலண்டன் பேராசிரியருக்குப் பரிந்துரை எழுதினார். அவ்வாறு எழுதத்தக்க ஆசிரியரை, கல்லூரியின் முதலாண்டு முதற்கொண்டே உழைப்பால் நாம் தேடிக் கொள்ள வேண்டும். உதவித்தொகை உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு விதியையும் படித்து, காலம் முடிந்தும் படிப்பு முடியாவிடில் என்ன வழி என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இவை மாணவர் கடமை. சங்கத்தின் கடமை யாது? பூங்காவில் படிக்கும் பிள்ளையைக் கண்டறியும் கேளுஸ்கராக நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் இருக்க வேண்டும். பணம் பாதியில் நின்று தவிக்கும் மாணவருக்குக் கைகொடுக்கும் பத்தேனாவாகச் சங்கம் இருக்க வேண்டும். புறப்படும் நாளில் மாலையிட்டு வழியனுப்பப் பலர் வருவர். இரண்டாம் ஆண்டில் தொகை வராமல் தவிக்கும்போது கடிதம் எழுதிக் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். அத்தகைய கடனுதவி நிதி ஒன்றை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குதல், எந்தச் சிலையினும் சிறந்த நினைவுச் சின்னமாகும்.

இறுதியாக ஒன்று. அண்ணல் அவர்கள் ரூபாயின் சிக்கல் பற்றிய நூலைத் தம் தாய் தந்தையர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். 1925இல் வந்த நூலைத் தம் கல்விக்கு உதவிய கெய்க்வாட் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். 1924இல் அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, அடுத்த ஆண்டு சோலாப்பூரில் நம்மவர் பிள்ளைகளுக்காக ஒரு மாணவர் விடுதியைத் திறந்தது. பெற்றோர்க்கும் உதவியோர்க்கும் பட்ட கடனை நூல்களாலும், பின்வரும் தலைமுறைக்குப் பட்ட கடனை விடுதியாலும் அவர் தீர்த்தார். கடல் கடக்கும் இளைஞரே, உம் பெட்டியில் நூல்களோடு இந்தக் கடன் கணக்கையும் எடுத்துச் செல்வீராக!