ஆள்களம்

ஆள்களம் (பெயர்ச்சொல்): இணையத்தில் ஒரு தளத்தைச் சுட்டும் பெயர், பேச்சில் 'டொமைன்'.

ஆள் + களம். ஆண்ட களம், ஆள்கின்ற களம், இனி ஆளும் களம் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் 'டோமினுஸ்', அதாவது உடையவன். தமிழாக்கமும் உரிமைப் பொருளையே பிடித்துக்கொண்டது. நடப்பிலோ இது வாடகைதான். காலக்கெடு முடியுமுன் கட்டணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் களம் கைமாறலாம்.

பயன்பாடு: எண்களாலான ஐபி முகவரியை மனிதர் நினைவில் வைப்பது கடினம். 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்கிறது. சொந்த சர்வரில் பல நிலைப்பக்கத் தளங்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் (ஒன்றோடொன்று கலக்காத மென்பொருள் பெட்டிகளில்) வைத்தாலும் வெளிமுகவரி ஒன்றே போதும். வாசலில் நிற்கும் ரிவர்ஸ் பிராக்சி, வந்தவர் கேட்கும் பெயரைப் பார்த்து உரிய கன்டெய்னருக்கு அனுப்பிவிடும்.

தென்காசியில் பஸ் ஏறி "குற்றாலம்" என்றால் ஊர் வந்துவிடும். குளிக்கப் போவது பேரருவிக்கா, ஐந்தருவிக்கா, பழைய குற்றாலத்துக்கா என்பது அடுத்த கேள்வி. ஊர்ப்பெயர் ஆள்களம் என்றால் அருவிப்பெயர் துணை ஆள்களம். இணையத்தில் மட்டும் வரிசை 'ஐந்தருவி.குற்றாலம்' என்று புள்ளியிட்டு அமையும். சிறியது முன்னே, பெரியது பின்னே.

தமிழ் எழுத்திலேயே முடியும் ஆள்களங்களும் உண்டு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர்.