மரக்கலத்தில் சென்ற மடல்கள்

உழவர்கரையில் ஒரு வீட்டின் மாடியறை. சென்னையில் ஒருவர் படம்பிடித்து அனுப்பியதை அங்கே ஓர் இளைஞர் கணினியில் வெட்டித் தொகுக்கிறார். பாரிசில் இருக்கும் வேறொருவர் அதற்குப் பிரெஞ்சு மொழியில் உரை சேர்க்கிறார். மூவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. இத்தகைய காட்சி இன்று நம் ஊரில் புதுமையன்று. கோப்பு ஒன்று சில நிமிடங்களில் கடலைக் கடந்துவிடுகிறது. எனினும் அதை அனுப்புகிறவர் உள்ளத்தில் மூன்று ஐயங்கள் எழுகின்றன. அது சிதையாமல் போய்ச் சேருமா? பார்க்கத் தகாதவர் கண்ணில் படாதிருக்குமா? உழைத்தவரின் பெயர் இறுதிவரை அதனோடு நிற்குமா?

இவ்வையங்கள் கணினியோடு பிறந்தவை அல்ல. பிரெஞ்சு ஆவணங்கள் நம் ஊரை 'உல்கரே' என்று எழுதிவந்த பதினெட்டாம் நூற்றாண்டில், இங்கிருந்து கிழக்கே கூப்பிடு தொலைவில், புதுச்சேரி சேசு சபை இல்லத்துக் குருக்களும் இவற்றையே எண்ணிக் கவலையுற்றனர்.

அந்நாளில் பாரிசு மாநகரில் ஒரு நூல்வரிசை வெளிவந்துகொண்டிருந்தது. உலகின் பல திசைகளிலும் பணியாற்றிய சேசு சபைக் குருக்கள் எழுதிய மடல்களைத் திரட்டி, 1702 முதல் 1776 வரை 34 தொகுதிகளாக அது வெளியிடப்பட்டது. தமிழகத்து மறைபரப்புப் பணிக்களங்களிலிருந்து சென்ற மடல்களும் அதில் இடம்பெற்றன. முதலில் லெ கோபியான் அடிகளாரும், அவருக்குப்பின் தூ ஆல்த் அடிகளாரும் பதிப்பாசிரியராய் இருந்தனர். எழுதுவோர் இங்கே, தொகுப்போர் அங்கே, வாசிப்போர் ஐரோப்பா எங்கும். தொலைவிலிருந்தே கூடிச் செய்யும் வெளியீட்டுப் பணி என்று இன்று நாம் சொல்வதன் மூதாதை இதுவே எனலாம்.

மடல் போய்ச்சேரப் பல மாதங்கள் ஆகும். புயல் உண்டு, போர் உண்டு, எதிரிக் கப்பல் உண்டு. ஆகவே முக்கியமான மடலை இரண்டு மூன்று படிகளாக எழுதி, வெவ்வேறு கப்பல்களில் ஏற்றுவது சபையின் வழக்கம். 'முதல் வழி', 'இரண்டாம் வழி' என்று அவற்றின்மேல் குறிப்பதும் உண்டு. ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்றாவது கரை சேரும் என்ற நம்பிக்கை. 1761-ஆம் ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்து, பின்பு நகரமே இடித்துத் தள்ளப்பட்டதை எண்ணிப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதன்று என்பதை இவ்வூர் கண்ணாரக் கண்டது.

இரண்டாம் ஐயத்திற்கும் அவர்களிடம் விடை இருந்தது. சபையின் நிறுவனரான புனித இஞ்ஞாசியார் 1542-இல் பீட்டர் ஃபேபர் அடிகளாருக்கு எழுதிய மடலில் ஒரு முறையை வகுத்தார். யாவருக்கும் காட்டத்தக்க செய்திகள் முதன்மை மடலில் வரவேண்டும். மற்றவை தனித்தாள்களில் எழுதப்படவேண்டும். பிற்காலத்தில், பெறுகிறவர் ஒருவரே பிரிக்கவேண்டிய மடலுக்கென்று தனி அடையாளமும் இருந்தது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் மறைப்பது இதன் நோக்கமன்று. எது யாருக்கு உரியது என்பதை எழுதத் தொடங்கும் முன்பே சிந்திப்பதே நோக்கம்.

மூன்றாம் ஐயத்திற்குத்தான் அவர்கள் விடை காணவில்லை. அதற்குச் சான்றாக நிற்பது கேர்தூ அடிகளாரின் வரலாறு.

பிரான்சின் பூர்ஜ் நகரில் 1691-இல் பிறந்த கஸ்தோன் லோரான் கேர்தூ 1732-இல் இந்தியா வந்தார். 1742 ஜனவரி 18 நாளிட்டு, தூ ஆல்த் அடிகளாருக்கு அவர் ஒரு மடல் எழுதினார். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகள் எவ்வாறு உருவாகின்றன என்பதே அதன் பொருள். கடுக்காயையும் எருமைப் பாலையும் கலந்து துணியைப் பதப்படுத்துவது, சாயவேரால் செந்நிறம் ஏற்றுவது என ஒவ்வொரு படிநிலையையும் அதில் விளக்கினார். அவருக்கு இவற்றைச் சொன்னவர்கள், புதிதாய்த் திருமுழுக்குப் பெற்ற தமிழ்ச் சாயத்தொழிலாளர். அவர்களை வெவ்வேறு வேளைகளில் வினவி ஒப்பிட்டே அவர் எழுதினார். மடல் அச்சேறியது, எழுதியவர் பெயரும் பெற்றவர் பெயரும் நிலைத்தன. தலைமுறை தலைமுறையாய்க் கைவழி வந்த அறிவை எடுத்துரைத்தவர்கள் மட்டும் பெயரில்லாமல் நின்றனர்.

பிரான்சு அரசு 1686 முதல் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளுக்குத் தடை விதித்திருந்தது. 1759-இல் அத்தடை நீங்க, மறு ஆண்டே பாரிசுக்கு அருகே ஜூயி என்னும் ஊரில் புகழ்பெற்ற துணி அச்சிடும் தொழிற்கூடம் எழுந்தது. ஒரு மடலால்தான் இது நேர்ந்தது என்பது மிகைக் கூற்று. ஆயினும் நம்பிக்கையோடு சொல்லப்பட்டது கடல் கடந்து பொதுச்சொத்தாகும்போது, சொன்னவருக்கு என்ன மிஞ்சுகிறது என்னும் கேள்வி அகல மறுக்கிறது.

அதே விதி பின்னர் கேர்தூ அடிகளாரையும் தொட்டது. 1767-இல் அவர் பாரிசுக் கல்விக்கழகத்துக்கு ஓர் ஆய்வுரை அனுப்பினார். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுக்கிடையே உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று, அவை ஒரு பொதுமூலத்தைச் சுட்டுகின்றன என்பது அவர் கருத்து. உரை போய்ச்சேர்ந்தது; ஆனால் 1808 வரை அச்சேறவில்லை. இதற்கிடையில், 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதே கருத்தை உரைத்துப் புகழ் பெற்றார். கோப்பு சேர்ந்தால் போதாது, சேர்ந்த இடத்தில் அதைத் திறந்து பார்ப்பவரும் வேண்டும்.

இந்திய மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றியும் அவர் விரிவாக எழுதிவைத்தார். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. 1779-இல் அடிகளார் இறந்தார். அதற்கு முன்பே, தெவோ என்னும் பிரெஞ்சுப் படை அலுவலர் அக்கையெழுத்துப் படியைத் தழுவி 1777-இல் ஒரு நூல் வடித்திருந்தார். பின்னர் வந்த துபுவா அடிகளார், அதே மூலத்தைப் பெரிதும் தழுவி ஒரு நூலைத் தம் பெயரில் ஆங்கிலக் கும்பெனியாருக்குக் கொடுத்தார். 1816-இல் இலண்டனில் வெளியான அந்நூல் உலகப் புகழ் பெற்றது. அதன் அடியில் கேர்தூ அடிகளாரின் எழுத்து இருப்பதை, சில்வியா முர் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் 1987-இல்தான் நிறுவினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எழுத்து வாழ்ந்தது, பெயர் உறங்கியது. பிறர் எழுத்தை எடுத்தாள்வது அக்காலத்தில் பெருங்குற்றமாகக் கருதப்படவில்லை என்பதையும் நாம் நேர்மையோடு சொல்லவேண்டும்.

மாடியறை இளைஞரிடம் திரும்புவோம். அவர் கையில் உள்ள கருவிகள் பழைய குருக்கள் கனவிலும் காணாதவை. கோப்பை மறையாக்கம் செய்து அனுப்பலாம். அது வழியில் மாறவில்லை என்பதைச் சரிபார்ப்பு எண்ணால் உறுதிசெய்யலாம். அனைவருக்கும் ஒரே கடவுச்சொல் என்றில்லாமல், ஆளுக்கொரு திறவுகோல் தரலாம். பணி முடிந்ததும் அதைத் திரும்பப் பெறலாம். மூலப்படியை வேறோர் இடத்திலும் காக்கலாம். இவை யாவும் பழைய இரட்டைப் படியும் தனித்தாளும் புத்துருவம் பெற்றவையே. ஆயினும் இணைப்பைப் பெற்றவர் எவரும் திறக்கலாம் என்று, அவசரத்தில் விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. படத்தில் ஒரு குழந்தையின் முகம் இருக்கலாம். நோயாளி ஒருவர் கண்ணீரோடு சொன்ன சொல் இருக்கலாம். வெளியிடத் தகாதென்று தொகுப்பில் நீக்கப்படும் காட்சிகளே, காக்கப்படவேண்டியவற்றுள் முதன்மையானவை.

மூன்றாம் ஐயத்தை எந்தப் பூட்டும் தீர்க்காது. ஒளிப்பதிவு செய்தவர், ஒலி சேர்த்தவர், தம் வாழ்வைத் திறந்து சொன்ன ஊரார் ஆகியோரின் பெயர்ப்பட்டியல் கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யவேண்டும். பெயர் வேண்டாம் என்பவரின் விருப்பமும் அவ்வாறே எழுதப்படவேண்டும். இது பொறியின் வேலையன்று, மனச்சான்றின் வேலை. கடுக்காயும் பாலும் கலந்த கைகளுக்கு உரியவர் யார் என்று அன்று எவரும் குறித்துவைக்கவில்லை. நம் காலத்தில் அவ்வாறு குறிக்க ஒரு வரி போதும். அதை எழுத மறவாதிருப்போமாக.